வாடகை பாக்கி: அன்று மனசு, இன்று கணக்கு

"இந்த மாசம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்குங்க சார்." வாடகை வீட்டில் குடியிருந்தவர்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு, வீட்டை வாடகைக்கு விட்டவர்களில் இதைக் கேட்காதவர்கள் அதைவிடக் குறைவு. அந்தப் பேச்சு அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். பொறுத்துக்கொண்ட மாதம் இரண்டாகி, இரண்டு ஆறாகி, கடைசியில் ஒருவர் வக்கீல் வீட்டுப் படியேறிய பிறகு நடப்பதுதான் தலைகீழாக மாறியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த மாற்றத்துக்கு ஒரு தேதி உண்டு. 2019 பிப்ரவரி 22. அதுவரை வாடகைத் தகராறுகளை ஆண்டது 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அன்று முதல் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, 2017-இல் இயற்றிய சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய சட்டம் பாக்கி வைத்தவரிடம் "ஏன் கட்டவில்லை?" என்று கேட்டது. புதிய சட்டம் "எத்தனை மாதம் கட்டவில்லை?" என்று கேட்கிறது.

போர்க்காலத்தில் பிறந்த சட்டம்

வாடகைக் கட்டுப்பாடு இங்கே வந்ததே உலகப் போரின் வழியாகத்தான். சென்னை மாகாணத்தில் 1941-இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக்கு முதல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் பட்டணமே மூட்டை முடிச்சோடு காலியானது தனிக் கதை. போர் ஓய்ந்ததும் போனவர்களும் வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். ஆட்கள் பெருகிய அளவுக்கு வீடுகள் பெருகவில்லை. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது 1946-இல் சட்டமாயிற்று, 1949-இல் மீண்டும் எழுதப்பட்டது, 1960-இல் நிலைத்துவிட்டது.

அன்றைய வீட்டுத் தட்டுப்பாட்டை ஒண்டுக்குடித்தனம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரு நீண்ட வீட்டை எட்டுப் பத்துப் போர்ஷன்களாகப் பிரித்து, பொதுக் கிணறு, பொதுக் கழிப்பறை, முற்றத்தில் வரிசையாகத் துணி என்று வாழ்ந்த காலம் அது. வீட்டுக்காரர் "காலி பண்ணு" என்று சொன்னால் போக்கிடம் கிடையாது. ஆகவே சட்டம் குடித்தனக்காரர் பக்கம் சாய்ந்து நின்றது. வாடகையை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நியாய வாடகை என்று ஒன்று உண்டு. 1973 திருத்தத்துக்குப் பிறகு, குடியிருப்பு என்றால் கட்டட, மனை மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை போன்றவற்றுக்கு 12 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு மாத வாடகை 750 ரூபாய் என்று வந்துவிடும். ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், கட்டடத்தில் புதிதாக எதையாவது சேர்த்தாலோ உள்ளாட்சி வரி ஏறினாலோ ஒழிய அதைக் கூட்ட வழியில்லை.

வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும்: வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, கட்டடத்தைப் பாழாக்குதல், வீட்டுக்காரரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று ஒரு பட்டியல். வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னால் அதை நிரூபிக்கவும் வேண்டும். ரென்ட் கன்ட்ரோலர் என்று எல்லோரும் சொன்ன அந்த அதிகாரி, சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கிய சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதி, வெளியூர்களில் முன்சீப்.

பாக்கி வைத்தால் அன்று

வாடகை எப்போது பாக்கியாகும் என்பதிலேயே பழைய சட்டம் தாராளமாக இருந்தது. ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அதற்குப் பிறகு 15 நாள். ஒப்பந்தமே இல்லையென்றால் ஜனவரி வாடகையைப் பிப்ரவரி கடைசி நாள் வரை கட்டலாம். அதையும் தாண்டினால்கூட உடனே வெளியே போ என்று உத்தரவு வராது. வேண்டுமென்றே கட்டாமல் விட்டாரா, முடியாமல் விட்டாரா என்று பார்க்க வேண்டும். வேண்டுமென்றே இல்லை என்று அதிகாரிக்குத் தோன்றினால், 15 நாளுக்கு மிகாமல் தவணை கொடுப்பார். அதற்குள் கட்டிவிட்டால் வீட்டுக்காரரின் மனு தள்ளுபடி.

மனிதன் மனசுக்குள் என்ன இருந்தது என்பதைச் சாட்சிக் கூண்டில் வைத்துக் கண்டுபிடிப்பது லேசான காரியமா? ஒருவருக்கு மனைவி ஆஸ்பத்திரியில், இன்னொருவருக்கு மில் கதவடைப்பு, மூன்றாமவருக்கு ஒரு காரணமும் இல்லை, ஆனால் நல்ல வக்கீல் உண்டு. வழக்கு வழக்காக வாதம் நடந்தது. 1973-இல் ஓர் அளவுகோலைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள்: வீட்டுக்காரர் இரண்டு மாத அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிய பிறகும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததுதான். அதற்கும் வியாக்கியானம் தேவைப்பட்டு, சுந்தரம் பிள்ளை வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் சொல்லும் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது: நோட்டீஸ் கொடுத்தும் கட்டாதவருக்கு வேறு சாக்கு இல்லை, நோட்டீஸே கொடுக்காமல் வழக்குப் போட்டிருந்தால் சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும்.

பாக்கி எல்லாம் குடித்தனக்காரரின் தவறு என்றும் சொல்ல முடியாது. காலி செய்ய வைக்க நினைத்த வீட்டுக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். மூன்று மாதம் வாடகையை வாங்காமல் "அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவார்கள். நான்காம் மாதம் பாக்கி என்று வழக்குப் போடுவார்கள். இதற்கு மாற்று வழியும் அதே சட்டத்தில் இருந்தது. வாடகையை வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டுவது என்று கேட்டுக் குடித்தனக்காரர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் வங்கிப் பெயர் வராவிட்டால், கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப வேண்டும். அதையும் வாங்காவிட்டால் ரென்ட் கன்ட்ரோலர் நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டலாம்.

அந்தக் காலத்து வாடகை வழக்குக் கட்டைப் பிரித்தால் முதலில் கையில் தட்டுப்படுவது அந்த மணியார்டர் துண்டுகள்தான். சின்னச் செய்திக் கட்டத்தில் "ஜூலை மாத வாடகை, கமிஷன் நீங்கலாக" என்று நுணுக்கி எழுதிய கையெழுத்து. குறுக்கே தபால்காரர் எழுதிய குறிப்பு: "வாங்க மறுத்தார்". அதன்மேல் தேதி முத்திரை. மாதத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த இந்தத் துண்டுகளை நூலில் கோத்து டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் உண்டு. வீட்டில் தங்கத்துக்கு இருந்த மரியாதை அந்தக் காகிதத்துக்கும் இருந்தது. ஒரு படியைத் தவறவிட்டாலும் தலைவலிதான். நோட்டீஸ், மணியார்டர் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து நேரே நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிய தமிழ்நாட்டுக் குடித்தனக்காரர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சட்டம் சொன்ன வரிசையில் செய்யவில்லை, ஆகவே அது கட்டியதாகாது என்று தீர்ப்பு வந்தது.

வழக்கு நடக்கும் காலத்திலும் வாடகையைக் கட்டிக்கொண்டே வர வேண்டும். தவறினால் விசாரணையை நிறுத்திவிட்டுக் காலி செய்ய உத்தரவிடலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வழக்காடுபவரை அசைக்க முடியாது. ரென்ட் கன்ட்ரோலரிடம் தோற்றால் மேல்முறையீடு. அங்கே தோற்றால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. அதிலும் தோற்றால் நிறைவேற்று மனு, அமீனா, பூட்டு உடைப்பு. வாய்தா மேல் வாய்தா விழுந்து, வழக்குப் போட்ட தகப்பனார் போய்ச் சேர்ந்து, மகன் வாரிசாகச் சேர்ந்து நடத்திய வழக்குகள் ஊருக்கு ஊர் உண்டு.

அதற்குக் கொடுத்த விலை

நல்ல நோக்கத்தோடு வந்த சட்டத்தின் மறுபக்கமும் சீக்கிரமே தெரிந்தது. உள்ளே இருப்பவருக்கு அது கோட்டை. வெளியே வீடு தேடி அலைபவருக்கு அதுவே மதில். "உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது" என்று பயந்த வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். கம்பெனிக்குத்தான் கொடுப்போம், மாற்றலாகிப் போகிற வங்கி அதிகாரிக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். பெரிய கடைத்தெருக்களில் சொற்ப வாடகையில் கடை நடத்தியவர், அதைக் கைமாற்றும்போது "குட்வில்" என்று பெரும் தொகை வாங்கினார். கட்டடச் சொந்தக்காரருக்கு அதில் ஒரு காசு இல்லை.

சட்டத்துக்குள்ளேயே விசித்திரங்களும் இருந்தன. புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு ஐந்து ஆண்டு விலக்கு. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் இருந்தால் குடியிருப்புக்குப் பாதுகாப்பே கிடையாது. கடைக்கு மட்டும் எத்தனை ஆயிரம் வாடகையானாலும் பாதுகாப்பு. 400 ரூபாய் பெரிய பணமாக இருந்த காலம் மலையேறிய பிறகும் இந்த வரம்பு நின்றது. ரத்தன் ஆர்யா வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம்தான் இது சமத்துவத்துக்கு விரோதம் என்று அதை நீக்கியது.

முன்பணத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று பழைய சட்டத்தில் இருந்தது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்காத ஓனரைப் பார்ப்பது அரிதாக இருந்தது. நீதிமன்றம் பல ஆண்டு இழுக்கும் என்பது தெரிந்ததால், பாக்கிக்கான தீர்ப்பை வீட்டுக்காரர் முன்கூட்டியே தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அதோடு பதினோரு மாத அக்ரிமென்ட். ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகைக்குக் கட்டாயப் பதிவு உண்டு என்பதால், அதைத் தவிர்க்க 20 ரூபாய் முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்து மறந்துவிடுவது வழக்கமாயிற்று.

பாக்கி வைத்தால் இன்று

மத்திய அரசு 2015-இல் மாநிலங்களின் முன் வைத்த மாதிரி வரைவை ஒட்டித் தமிழ்நாடு புதிய சட்டத்தை எழுதியது. அதன் அஸ்திவாரம் எழுத்து. எந்த வாடகையும் எழுத்து மூலம் ஒப்பந்தமாக வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அலுவலர் வாடகை அதிகாரியாக இருப்பார். இணையதளத்தில் விண்ணப்பித்தால் ஒரு பதிவு எண் வரும். வாடகை எவ்வளவு என்பது இருவரும் பேசி முடிப்பது. 9 சதவீதம், 12 சதவீதம் என்ற பழைய கணக்கு போய்விட்டது.

இப்போது ஒருவர் இரண்டு மாத வாடகை கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் எழுத்தில் கேட்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கையெழுத்துடன், தபாலிலோ நேரிலோ, முடியாவிட்டால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியோ கொடுக்கலாம் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் வகுத்த அதே முறைதான். வாட்ஸ்அப்பில் "பாக்கி எப்போ சார்?" என்று அனுப்பிய செய்தியை மட்டும் நம்பி வழக்குக்குப் போகக் கூடாது. நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கியையும் வட்டியையும் சேர்த்துக் கட்டினால் காலி செய்யும் உத்தரவு வராது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு. ஆஸ்பத்திரிச் செலவா, வேலை போனதா, வீம்பா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே முன்போல் இடமில்லை. நோட்டீஸ் கிடைத்த தேதி எது, பணம் கட்டிய தேதி எது என்பதே வழக்கு.

ஒருமுறை இப்படிக் கட்டித் தப்பியவர், அதன்பின் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி பாக்கி வைத்தால் அதே சலுகை கிடையாது. காலம் முடிந்தும் வெளியேறாமல் இருந்தால், இருக்கும் காலத்துக்கு இரட்டிப்பு வாடகை கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. வாய்தாக்களுக்கும் வரம்பு வைத்து, மாதக் கணக்கில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நீதிமன்றத்தில் கட்டு கட்டாகக் குவிந்திருக்கும் வழக்குகளுக்கு நடுவே அந்த வரம்பு எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். தலைமுறை தாண்டி இழுப்பதற்கான பழைய சந்து பொந்துகள் அடைபட்டிருக்கின்றன என்பது உண்மை.

குடித்தனக்காரருக்கு இதில் எதுவும் மிஞ்சவில்லை என்றும் நினைக்க வேண்டாம். வாடகைக்கு ரசீது கேட்பது உரிமை. வாங்க மறுத்தால் மணியார்டரிலோ மின்னணு முறையிலோ அனுப்பிப் பார்த்துவிட்டு, வாடகை அதிகாரியிடம் கட்டலாம்; யுபிஐ பதிவும் வங்கிக் கணக்கு விவரமும் இன்றைய மணியார்டர் துண்டுகள். பாக்கி இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் மோட்டாரைப் போடாமல் விடுவதும், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவதும் சட்டவிரோதம்தான். உடனே இணைப்பைத் திருப்பிக் கொடுக்க வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். வாடகைக்கு இருப்பவர் ஊருக்குப் போன நேரத்தில் வேறு பூட்டுப் போடுவதை அன்றைய சட்டமும் ஏற்கவில்லை, இன்றைய சட்டமும் ஏற்கவில்லை. அப்படி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசிக் காலி செய்ய வைப்பதற்குக் கட்டப்பஞ்சாயத்து என்றுதான் பெயர். வீடு காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் காவல் துறைக்குக் கிடையாது.

முன்பணத்துக்கும் புது வரம்பு வந்தது: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம்" என்ற வாசலை வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. ஐந்து மாதம், ஆறு மாதம், சில இடங்களில் பழைய பத்தே.

சட்டம் எட்டாத இடங்கள்

மாறாத வழக்கங்களும் சில உண்டு. காலி செய்யப் போகும் குடித்தனக்காரர் கடைசி மூன்று மாதம் "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்று சொல்லி வாடகை தருவதில்லை. சாவியை வாங்கிய ஓனர் "பெயின்டிங் சார்ஜ்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் இதற்காக எந்த நீதிமன்றத்துக்கும் போவதில்லை. பெரும்பாலான பாக்கிகள் அன்றும் இன்றும் இப்படித்தான் தீர்கின்றன.

புதிய சட்டத்தில் பழைய குடித்தனக்காரர்களைச் சிக்க வைத்த ஒரு பிரிவும் உண்டு. எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். முப்பது, நாற்பது ஆண்டாகப் பழைய வாடகையில் இருந்தவரிடம் புது வாடகையோடு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அவர் கையெழுத்துப் போட மாட்டார். வாடகையை மாதம் தவறாமல் கட்டியிருந்தும் அவர் மேல் மனு வரும். பாக்கியே இல்லாதவரும் வெளியேற நேரும் நிலை பழைய சட்டத்தில் இந்த வடிவத்தில் இல்லை.

இவர்களுக்கும் கீழே ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. திருப்பூர் லைன் வீடுகளிலும், சென்னைக்கு வெளியே தொழிற்பேட்டைகளை ஒட்டிய தகரக் கொட்டகை அறைகளிலும் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தங்கும் தொழிலாளிக்கு ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கின்போது, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, வெளியேற்றக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. வாடகைக்கு இருப்பதற்கே சான்று இல்லாதவர் அந்த உத்தரவை யாரிடம் காட்டுவது? நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தவர்களில் இவர்களும் உண்டு.

பழைய சட்டத்தை எண்ணி ஏங்குவதில் அர்த்தமில்லை. ஒருவருக்கு இரக்கம் காட்டி, வெளியே நின்ற பத்துப் பேரின் கதவை அது சாத்தியது. கட்டிய வீட்டின் வருமானத்தில் ஓய்வுக்காலத்தை ஓட்டிய எத்தனையோ முதியவர்களை நீதிமன்ற வராந்தாவில் உட்கார வைத்தது. ஆனால் அதில் ஒரு கேள்வி இருந்தது: கட்டாதவன் ஏன் கட்டவில்லை? அந்தக் கேள்வியை நீக்கிய புதிய சட்டம் தெளிவானது, வேகமானது, காகிதம் உள்ளவருக்கு நியாயமானது. காகிதம் இல்லாதவருக்கு அது கிட்டத்தட்ட இல்லாத சட்டம். வேலை போன மாதத்தில் கொஞ்சம் தவணை தரும் அதிகாரத்தை வாடகை நீதிமன்றத்துக்குத் திருத்தம் மூலம் கொடுத்திருந்தால், வேகமும் கெட்டிருக்காது, ஈரமும் போயிருக்காது. அதை இப்போதும் செய்யலாம்.

அதுவரை வாசகர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ள வேண்டியவை சில. வீட்டைக் கொடுப்பவரும் எடுப்பவரும் ஒப்பந்தத்தை எழுதி, பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; முன்பணம் எவ்வளவு, பெயின்டிங்குக்கு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் கையை எடுக்காதீர்கள். ஓனர்கள் பாக்கியை ஆண்டுக்கணக்கில் வளர விட வேண்டாம். மூன்று ஆண்டு தாண்டிய வாடகை பாக்கியைச் சட்டப்படி கேட்க முடியாது. கட்ட முடியாத மாதம் வந்துவிட்டால் குடித்தனக்காரர் ஒளிந்துகொள்ளாமல் முதல் மாதமே எழுத்தில் சொல்லித் தவணை கேட்பது நல்லது. நோட்டீஸ் வந்துவிட்டால் அது கைக்கு வந்த தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அங்கிருந்து உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம்.